வேலூரில் புதுசா திறக்குற சாப்பாட்டுக் கடை, பார்: எதைப் பார்த்துப் போறது?

சத்துவாச்சாரி_வாசி:
நாங்க நாலு பேர், சனிக்கிழமை ஆனா புதுசா ஒரு கடைக்குப் போறதா திட்டம். ஒருத்தர் சுத்த சைவம், ரெண்டு பேர் பீர் குடிப்பாங்க. தலைக்கு 500 ரூபாய்க்குள்ள முடியணும். ரீல்ஸ்ல வர்ற கடை எல்லாத்திலயும் ஒரே மெனு, ஒரே செல்ஃபி பாயின்ட். கடைப் பேர் பட்டியல் வேணாம், ஆறு மாசத்துல பாதிக் கடை மூடிடும். எந்த ஏரியாவுக்கு எப்போ போகணும், போனதும் எதைக் கவனிக்கணும்னு சொல்லுங்க.

கோட்டை_அகழி:
ஏரியாவுக்கு ஏத்த மாதிரி சாப்பாடு மாறும் ப்ரோ. சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கம் வங்காளிச் சாப்பாடு. அங்க சாப்பிடுறவங்க வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கா லாட்ஜ்ல தங்குற குடும்பங்கள். தினம் ரெண்டு வேளை அதே தெருவுலதான் சாப்பிடணும், அதனால விலையும் காரமும் அடக்கமா இருக்கும். மதியம் ஒரு மணிக்குள்ள போங்க. ரோகு இல்லன்னா கட்லா மீன் குழம்பு, பருப்பு, பொரியல், சோறு. கடுகெண்ணெய் வாசம் வரலைன்னா அந்தக் கடையை விட்டுடலாம். ராத்திரி லேட்டாப் போனா மதியத்து மீன்தான் திரும்பச் சூடாகி வரும்.

காட்பாடியில விஐடி காலேஜ் பக்கம் ஷவர்மா, மோமோ, ஃப்ரைட் ரைஸ். பசங்க ஊருக்குப் போற மே, ஜூன், டிசம்பர்ல வியாபாரம் படுத்துடும், ஃப்ரீசர்ல சரக்கு தங்கும். புதுக் கடையை அந்த மாசங்கள்ல முயற்சி பண்ணாதீங்க.

சைவ நண்பருக்கு ஒண்ணு: சைவம், அசைவம் ரெண்டும் விக்கிற கடையில கோபி 65-உம் சிக்கன் 65-உம் பெரும்பாலும் ஒரே எண்ணெய்ச் சட்டியிலதான் பொரியும். முதல்லயே கேட்டுடுங்க.

தம்_மாஸ்டர்:
ஆம்பூர் பிரியாணின்னு புதுசா போர்டு மாட்டுற கடைக்குப் போனா முதல் நாள் அரை பிளேட் மட்டன் மட்டும் வாங்குங்க. அரிசி சீரகச் சம்பாவா இருக்கணும், பாஸ்மதின்னா பேரு மட்டும்தான் ஆம்பூர். நிறம் மஞ்சளா இருக்காது. காஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்ச விழுதுல வர்ற மங்கலான செம்பழுப்பு. விரல்ல ஒட்டுற கேசரிச் சிவப்பா இருந்தா கலர்ப் பொடி.

அடுத்தது கறி. ஒரு துண்டைப் பிச்சுப் பாருங்க. வெளியில மசாலா பூசியிருந்து உள்ள வெளுத்துப்போய் உப்பில்லாம இருந்தா, கறியைத் தனியா வேகவெச்சு குஸ்காவுல புதைச்சிருக்காங்க. முறை என்னன்னா, இஞ்சி பூண்டு, மிளகாய் விழுது, தயிர், தக்காளி, புதினா எல்லாம் சேர்த்துக் கறியை மசாலாவுலயே வேகவிடணும். இன்னொரு பாத்திரத்துல அரிசியை முக்கால் பதம் வேகவெச்சு வடிச்சு அதுல கொட்டி, மூடி மேல தணல் போட்டு தம் வைக்கணும். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி. சீரகச் சம்பா சின்ன அரிசி, ரெண்டு நிமிஷம் கூடுதலா வெந்தாலே தம்முல குழைஞ்சிடும். பல புதுக் கடைங்க தோக்குறது இந்த இடத்துலதான்.

தொட்டுக்க எண்ணெய்க் கத்திரிக்காயும் வெங்காயத் தயிர் பச்சடியும். கத்திரிக்காய்ல புளியும் எள்ளு, வேர்க்கடலை விழுதும் தெரியணும். அதுக்குப் பதிலா சால்னா ஊத்தினா அது வேற ஊர்க் கணக்கு. நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடே இருக்கு, அதை விட்டுட்டு சால்னாவா!

பில்_பாக்குறவன்:
பார் விஷயம். டாஸ்மாக்கை ஒட்டின பார்ல சரக்கு விக்க மாட்டாங்க. கடையில வாங்கிட்டு வந்து உக்காரணும், அங்க சைடிஷ் மட்டும்தான். கடை பகல் 12-ல இருந்து ராத்திரி 10 வரை. குடிக்காத ரெண்டு பேரைக் கூட்டிட்டு அங்க போகாதீங்க, எஃப்எல்3 லைசென்ஸ் (ஹோட்டல்லயே சரக்கு விக்கிற அனுமதி) வெச்சிருக்கிற ஹோட்டல் பாருக்குப் போங்க. ஆனா 500-ல முடியாது. பீரை அங்க முடிச்சுட்டு சாப்பாட்டை வெளிய வெச்சுக்கிட்டாத்தான் கணக்கு கட்டும். 21 வயசு ஆகாதவங்களுக்குத் தர மாட்டாங்க. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி நாள்ல எதுவும் திறக்காது. திரும்ப வர ஆட்டோதான், குடிச்சுட்டு ஓட்டி முதல் தடவை மாட்டினாலே அபராதம் 10,000 வரை போகும்.

பில்லைப் பாருங்க. தனி ரெஸ்டாரன்ட்ல சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. மொத்தத் தொகை மேல 5 போட்டிருந்தா திருப்பிக் குடுங்க. காம்போசிஷன் திட்டத்துல (விற்பனையில ஒரு சின்ன சதவீதத்தைத் தன் கையில இருந்தே வரியா கட்டுறது) இருக்கிற சின்னக் கடை வரியே வசூலிக்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் உங்க விருப்பம்தான், பில்லுல இருந்து எடுக்க மறுத்தா நுகர்வோர் உதவி எண் 1915.

காட்பாடி_ஜங்ஷன்:
ஷவர்மாவுக்கு ராத்திரி 7, 8 மணிதான் நேரம், கூட்டம் இருக்கும், கம்பி நிக்காம சுத்தும். ஆள் வரும்போது மட்டும் அடுப்பைப் பத்தவெச்சு, மத்த நேரம் அணைச்சு வைக்கிற கடையில சாப்பிடாதீங்க. வெதுவெதுப்பா நிக்கிற கறியிலதான் கிருமி பெருகும். சீவின கறியைத் தவாவுல ஒரு புரட்டு புரட்டித் தரச் சொல்லுங்க. பச்சை முட்டை மயோனைஸை நம்ம அரசு 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணுச்சு, காரணம் சால்மோனெல்லாங்கிற கிருமி. தடை இருக்கோ இல்லையோ, எந்த மயோனைஸ்னு கேளுங்க. முட்டையில்லாததுன்னு சொன்னா பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்க.

சத்துவாச்சாரி_வாசி:
எல்லாருக்கும் நன்றி. தம்_மாஸ்டர் அண்ணே, ஆம்பூருக்கே போறதுன்னா எத்தனை மணிக்கு?

தம்_மாஸ்டர்:
இங்க இருந்து 50 கிலோமீட்டர் தம்பி. 12 மணிக்கு அங்க இருங்க, தேக்சா (பிரியாணி அண்டா) திறக்குற நேரம். மூணு மணிக்கு மேல அடிச்சோறுதான், எண்ணெய் கீழ இறங்கியிருக்கும். பார்சல் வாங்கினா கத்திரிக்காயைத் தனியா கட்டச் சொல்லுங்க, சோத்தோட கட்டினா வழியிலயே ஊறிப் புளிச்சிடும்.