தடைக்காலச் செலவைப் பேச ஆங்கிலச் சொலவடைகள் வேண்டும்

பாம்பன்காரி:
மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மீன்பிடித் தடைக்காலத்தில் வீடு பணத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று ஆங்கிலத்தில் பேசப் போகிறாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆனால் மளிகைக் கடைக்கும் வட்டிக்கும் தடைக்காலம் உண்டா? இதற்குப் பொருந்தும் சொலவடைகள் சொல்லுங்களேன்.

தொண்டித் தம்பி:
அக்கா, வரவுக்கும் செலவுக்கும் இழுபறி என்றால் 'ஸ்ட்ரகிளிங் டு மேக் எண்ட்ஸ் மீட்'. செலவைச் சுருக்குவதற்கு 'டைட்டன் அவர் பெல்ட்ஸ்'. 'பென்னி பின்ச்சர்' மட்டும் வேண்டாம், அது கஞ்சன் என்று திட்டுவது. சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் உங்களை 'த்ரிஃப்டி' என்று சொல்லட்டும்.

கீழக்கரை வாத்தியார்:
'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்' கட்டாயம் வேண்டும். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும்போது பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கும் கூலியை மிச்சம் பிடித்துவிட்டு, ஜூனில் நடுக்கடலில் தண்ணீர் ஏறி என்ஜினையே கழற்ற வேண்டி வந்தால் அதுதான் இது. பவுண்டு பிரிட்டன் பணம், பென்னி அதன் சில்லறை; பழைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, 1971க்குப் பிறகு 100.

பாம்பன்காரி:
நன்றி சார். கஷ்ட காலத்துக்குச் சேர்த்து வைப்பதைச் சொல்ல 'சேவ் ஃபார் எ ரெய்னி டே' சரியாக வருமா?

கீழக்கரை வாத்தியார்:
தாராளமாக. ஐப்பசி, கார்த்திகையில் காற்றுமழைக்குப் படகு கட்டிக் கிடப்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், நம்மூர்ப் பிள்ளை சொன்னால் அதற்குத் தனி பலம்.