அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ், டாக்டர் பல்லை காட்டச் சொல்லுதாவ, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

அம்பை மக:

வணக்கம், அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதுதேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. எங்க அப்பாவுக்கு 63 வயசு, லிவர் சிரோசிஸ்னு சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு. வாழ்க்கையில ஒரு நாள் குடிச்சதில்ல, 20 வருசமா சுகர், ஈரல்ல கொழுப்பு படிஞ்சு படிஞ்சே சுருங்கிட்டுன்னு சொன்னாவ. போன மாசம் ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு சட்டைய மாட்டிக்கிட்டு மில்லுல ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாவ, ரிட்டயர்டு ஆயி அஞ்சு வருசம் ஆச்சு. என் பேரு வரல, கையை நீட்டச் சொன்னா படபடன்னு உதறுது. திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், அம்மோனியா மூளைக்கு ஏறிட்டுன்னு சொல்லி லாக்டுலோஸ் சிரப்பும் ரிபாக்ஸிமின் மாத்திரையும் குடுத்தாவ, மூணு நாள்ல தெளிஞ்சிட்டாவ.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டரம்மா டார்ச் அடிச்சு வாயைப் பாத்தாவ. ஈறு வீங்கி செவசெவன்னு கெடக்கு, கீழ முன்பல்லு ரெண்டு ஆடுது, கடவாய்ல ஒரு சொத்தைப்பல்லு உடைஞ்சு வேர் மட்டும் நிக்கி. வாய் இப்பிடி இருந்தா சிரப்பு மட்டும் பத்தாதும்மா, பல்லு டாக்டர்ட்ட காட்டுன்னு சொன்னாவ. இங்க ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனேன், ரத்தம் உறையுறதுக்கு வேணுங்கிற பிளேட்லெட் 62 ஆயிரம்தான்னதும் அவரு கிட்டயே வரல, நார்மல் ஆனதும் வாங்கன்னு அனுப்பிட்டாரு. அப்பாவும் ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷையே விட்டுட்டாவ, உப்புத்தண்ணி கொப்பளிக்கிறதோட சரி. சித்தி வேற ஈரலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம், கீழாநெல்லி அரைச்சு குடுன்னு நிக்காவ. நெசமாவே சம்பந்தம் இருக்கா? ரத்தம் வார வாயில சுத்தம் பண்ணலாமா? ராத்திரி அப்பா எந்திரிச்சா எனக்கு தூக்கம் போயிருது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்லிடை அக்கா:

தங்கச்சி, என் வீட்டுக்காரருக்கும் இதே சீக்குதான், வயித்துல தண்ணி எடுத்துக்கிட்டு இருந்தோம். அவருக்கு காய்ச்சல் வரும் போகும், எங்க இருந்து வருதுன்னே கண்டுபிடிக்க முடியல, கடைசில பாத்தா கடவாய்ப்பல்லு அடியில சீழ் கட்டி இருந்திருக்கு, வலிக்கவே இல்லன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரியில சேத்து, லிவர் டாக்டரும் பல்லு டாக்டரும் பேசி வச்சிக்கிட்டுத்தான் பிடுங்கினாவ. அதுக்கு அப்புறம் அந்தக் காய்ச்சல் வரல. நீயா எந்த கிளினிக்குலயும் பிடுங்க விட்ராத.

பாளை பல்டாக்டர்:

அம்மா, உங்க டாக்டர் சொன்னது ரொம்ப சரி, டார்ச் அடிச்சு வாயைப் பாக்க டாக்டர் கெடைச்சிருக்காங்க, அவங்கள விட்ராதீங்க.

சம்பந்தத்த மொதல்ல சொல்லுதேன். நாம ஒரு நாளைக்கு சுமாரா ஒரு லிட்டர் எச்சில் முழுங்குதோம், அதுல கோடிக்கணக்குல வாய்க்கிருமி போவுது. நல்ல உடம்புல வயித்து ஆசிட்லயே பெரும்பாலும் செத்துரும், மிச்சத்த பித்தநீர் பாத்துக்கிடும், குடல்ல அதுகளுக்கு இடம் கெடைக்காது. ஈரல் சுருங்கினவங்களுக்கு பித்தநீர் கம்மி, எச்சில்லயே எதிர்ப்பு சக்தி கம்மி, தண்ணி இறங்குறதுக்கு குடுக்குற மாத்திரையில வாய் வேற காஞ்சு போவும், அதனால வாய்க்கிருமி குடலுக்குள்ள போய் குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிருது. குடல் சுவரும் அவங்களுக்கு ஓட்டையான சல்லடை மாதிரி, கிருமியோட நஞ்சு ரத்தத்துல கலந்து ஈரலுக்குப் போவுது, ஈரல் வடிகட்ட முடியாம விட்டுருது, அது மூளை வரைக்கும் போவுது. சில வாய்க்கிருமி யூரியாவ உடைச்சு அம்மோனியா உண்டாக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ்னு ஒண்ணு, பேர்லயே எச்சில் இருக்கு. சித்திகிட்ட இத சொல்லுங்க. வாய சுத்தம் பண்ணினா சுருங்கின ஈரல் திரும்பாது, அந்த நம்பிக்கைய நான் குடுக்க மாட்டேன், ஈரலுக்கு போற சுமை குறையும், அது பெரிய விசயம்.

இனி ரத்தம். பிளேட்லெட் நார்மல் ஆனதும் வாங்கன்னா அப்பாவுக்கு அந்த நாள் வராது. சிரோசிஸ்ல மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்ட பிடிச்சு வச்சுக்கிடும், ஒண்ணரை லட்சத்துக்கு ஏறும்னு காத்திருந்தா ஈறு மொத்தமா போயிரும். 50 ஆயிரத்துக்கு மேல இருந்தா சாதாரண கிளீனிங் பொதுவா பண்ணலாம், ஆனா உங்க லிவர் டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டு, புது ரத்த ரிப்போர்ட்டோட, பெரிய ஆஸ்பத்திரி பல் பிரிவுல, ஒரே நாள்ல முழு வாயும் இல்லாம பகுதி பகுதியா. ரத்தம் நிக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் நனைச்ச பஞ்ச கடிக்கச் சொல்லுவோம், தையல் போடுவோம், வழி இருக்கு. வேர எடுக்குறது தனியா யோசிச்சு பண்ணணும்.

பல்வலின்னு டைக்ளோபெனாக், ஐபுபுரூபென், அசிக்ளோபெனாக் எதுவும் மெடிக்கல்ல வாங்கி குடுத்துராதீங்க. இத கைகூப்பிக் கேக்கேன், கிட்னியும் போயிரும், உணவுக்குழாய்ல வீங்கி இருக்குற ரத்தக்குழாய் உடைஞ்சிரும். பாரசிட்டமால் டாக்டர் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமுக்கு மேல போவக்கூடாது, 500 மாத்திரைன்னா நாலு. ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், டாக்டரா எழுதிக் குடுத்தா மட்டும்.

வீட்டுல செய்யுறது: ரொம்ப மெத்துன்னு இருக்குற பிரஷ், ரெண்டு வேளை. ரத்தம் வருதேன்னு விட்டாதான் இன்னும் வரும், ஈறு வீங்கி இருக்கதாலதான் கசியுது. மவுத்வாஷ் வாங்கினா ஆல்கஹால் இல்லாததான்னு லேபிள பாத்து வாங்குங்க. உமிக்கரி, செங்கல்பொடி வேண்டாம். வெத்தல புகையில போடுவாங்கன்னா அதையும் சொல்லுங்க.

மைக்ரோ படிச்ச பையன்:

அக்கா, நானும் தென்காசிதான், மைக்ரோபயாலஜி. டாக்டர் சொன்னதுக்கு ஆதாரம் இருக்கு. 2014ல சீனாவுல 98 சிரோசிஸ் ஆட்களையும் 83 ஆரோக்கியமான ஆட்களையும் எடுத்து மலத்துல உள்ள கிருமிகளோட மரபணுவ ஒப்பிட்டுப் பாத்தாங்க, நேச்சர் இதழ்ல வந்துச்சு. சிரோசிஸ் ஆட்கள்ட்ட கூடுதலா இருந்த, பேரு கண்டுபிடிக்க முடிஞ்ச கிருமி இனங்கள்ல 54 சதவீதம் வாயில இருக்க வேண்டியது. படிச்சப்போ எனக்கு தூக்கிவாரிப் போட்டுது, குடல்னு நினைச்சா வாய்தான் இறங்கி வந்திருக்கு. 2018ல அமெரிக்காவுல வர்ஜீனியாவுல ஈறு நோய் இருந்த சிரோசிஸ் ஆட்களுக்கு ஆழமா ஈறு சுத்தம் பண்ணிப் பாத்தாங்க, ஒரு மாசத்துல ரத்தத்துல நஞ்சு குறைஞ்சு, ஏற்கெனவே மூளைக்கு அம்மோனியா ஏறின ஆட்களுக்கு யோசனை தெளிவும் கூடிச்சு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா உங்க அப்பாவும் அப்பிடி மூளைக்கு அம்மோனியா ஏறினவருதான்.

சங்கரன்கோவில் தம்பி:

ஒரு சந்தேகம், எங்க பெரியப்பாவும் ஈரல் பிரச்சனைக்காரரு, ரெண்டு வருசமா காலைல வெறும் வயித்துல பாண்டோபிரசோல் போடுதாரு, அது ஆசிட்ட குறைக்கதுதான, அப்போ டாக்டர் சொன்ன கதைப்படி கிருமி தப்பிச்சிருமே?

பாளை பல்டாக்டர்:

நல்ல கேள்வி தம்பி, ஆமா, அந்த மாத்திரை நாள்கணக்கா போட்டா வாய்க்கிருமி குடல்ல கூடும், சிரோசிஸ்ல வயித்துத் தண்ணில கிருமி தொற்றுதும் மூளைக்கு ஏறுதும் கூடுதலா இருக்குன்னு பாத்திருக்காங்க. ஆனா பெரியப்பாவ நாளைக்கே நிப்பாட்டச் சொல்லிராதீங்க, உணவுக்குழாய்ல வீங்கின ரத்தக்குழாய்க்கு பேண்டு (ரப்பர் வளையம்) போட்டவங்களுக்கு கொஞ்ச நாளு வேணும். எதுக்கு, எத்தன நாளுன்னு அவர் டாக்டர்ட்டயே கேளுங்க, பல பேருக்கு கேஸ்னு சொல்லி ஆரம்பிச்சது அப்பிடியே ஓடிக்கிட்டு இருக்கு.

அம்பை மக:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு அழுதுட்டேன். அப்பாவும் பாண்டோபிரசோல் போடுதாவ, அதையும் கேக்கேன். லிவர் டாக்டரம்மாக்கு போன் பண்ணினேன், ரிப்போர்ட்ட அனுப்பினேன், வியாழக்கிழமை பல் பிரிவுல காலைல வரச் சொல்லி இருக்காவ. இன்னைக்கு சின்னப்பிள்ளைக்கு வாங்குற மெதுவான பிரஷ் வாங்கிட்டு வந்து நானே தேய்ச்சு விட்டேன், கண்ண மூடிக்கிட்டு இருந்தாவ, கொஞ்சம் செவப்பா துப்பினாவ, அவ்வளவுதான். எனக்குத்தான் கை நடுங்கிச்சு. வெத்தல போடுவாவ, புகையிலைய இன்னைக்கு குப்பையில போட்டாச்சு. பஸ்ஸுல கூட்டிட்டு வரலாமா, ஆட்டோ வைக்கணுமா?

பாளை பல்டாக்டர்:

பஸ் வேண்டாம்மா, லாக்டுலோஸ் குடிச்சா எப்போ வெளிக்கு வரும்னு தெரியாது, ஜங்ஷன்ல எங்க நிப்பாட்டுவீங்க. ஆனா அன்னைக்கு காலைல சிரப்ப நிப்பாட்டிராதீங்க, பயணம்னு நிப்பாட்டி மறுநாள் திரும்ப உளற ஆரம்பிச்சவங்கள பாத்திருக்கேன். வண்டிய வச்சுக்கிட்டு கொஞ்சம் சீக்கிரமா கிளம்புங்க, வழியில நிப்பாட்ட நேரம் இருக்கட்டும், ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வரட்டும், வெறும் வயித்துல வர வேண்டாம். மாத்திரை டப்பா மொத்தத்தையும் ஒரு பையில போட்டு கொண்டு வாங்க.