டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களே தங்களுக்குள் முட்டிக்கொண்டதை நேரில் பார்த்தீர்களா? (2025 டிசம்பர் கடைசியில் எழுதிக்கொண்டவை)

வடக்கு கென்டக்கியிலிருந்து:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். டிவியில் பார்த்தது, யூடியூபில் கேட்டது வேண்டாம். அக்கம்பக்கத்தில், ஆபீசில், பிள்ளைகளின் பேஸ்பால் மைதானத்தில் நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஜனநாயகக் கட்சிக்காரர் டிரம்பைத் திட்டியது கணக்கில் வராது, அது தினமும் நடப்பது.

நான் இருப்பது சின்சினாட்டிக்கு ஆற்றின் இந்தப் பக்கம். 'ஃப்ளோரன்ஸ் யால்' என்று பெரிதாக எழுதிய தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வேலைக்குப் போகிறவன் என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புரிந்துவிடும். எங்கள் தொகுதி எம்.பி. தாமஸ் மாஸி, 2012லிருந்து அவர்தான். எம்ஐடியில் படித்த இன்ஜினியர், தன் பண்ணையில் தானே வீடு கட்டி, வெளியிலிருந்து மின் இணைப்பே வாங்காமல் சோலாரில் ஓட்டுகிறவர், நாட்டின் கடன் ஏறிக்கொண்டே போவதைக் காட்டும் குட்டிக் கடிகாரத்தைக் கோட்டில் குத்திக்கொண்டு நடப்பவர். செலவு மசோதா என்றால் யார் ஜனாதிபதி என்று பார்க்காமல் எதிர்த்து ஓட்டுப் போடுவார்.

என் எதிர்வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2024இல் அவர் வீட்டுப் புல்வெளியில் இரண்டு பலகை நின்றது, ஒன்று டிரம்ப், ஒன்று மாஸி. இரண்டுக்கும் நடுவே முரண்பாடு இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

2025 ஜூலை 4 அன்று அவர் வீட்டில் கிரில் போட்டுக் கூப்பிட்டிருந்தார். முந்தின நாள்தான் டிரம்பின் பெரிய வரி மசோதா கீழவையில் 218-214 என்று நிறைவேறியிருந்தது, குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் மாஸி. எதிர்வீட்டுக்காரரின் மருமகனுக்கு விமான நிலையச் சரக்குப் பிரிவில் ராத்திரி ஷிஃப்ட், ஓவர்டைமில்தான் குடும்பம் ஓடுகிறது. அந்த மசோதாவில் ஓவர்டைம் பணத்துக்கு வரிச் சலுகை இருந்தது. 'என் பையில் வரவேண்டிய பணத்தைத் தடுக்கப் பார்த்தவன் எங்கள் எம்.பி.யா, துரோகியா?' என்று அவன் ஆரம்பித்தான். மாமனார் பர்கரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, இந்த மசோதாவால் பத்து வருஷத்தில் 3.4 லட்சம் கோடி டாலர் கடன் கூடும் என்று காங்கிரசின் பட்ஜெட் அலுவலகமே சொல்கிறது, ஒபாமா இதைச் செய்திருந்தால் நீ தெருவில் இறங்கியிருப்பாய் என்றார். அப்புறம் ஈரான் வந்தது. ஜூன் 22 குண்டுவீச்சுக்கு முன்னாலேயே, காங்கிரஸ் அனுமதி இல்லாமல் போர் கூடாது என்று ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னாவுடன் சேர்ந்து மாஸி தீர்மானம் கொண்டுவந்திருந்தார். மருமகனுக்கு அது எதிரியோடு கூட்டு. மாமனாருக்கோ, 'முடிவில்லாத போர்கள் இனி வேண்டாம் என்று 2016இல் சொன்னது யார்? நான் அதற்குத்தானே ஓட்டுப் போட்டேன்?'

குரல் ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம், நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று, அப்படியானால் உங்களில் யாராவது கமலா ஹாரிசுக்குப் போட்டிருப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இத்தனைக்கும் மருமகன் 2024 முழுக்க, பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் வழக்குக் கோப்புகளை வெளியிடு என்று கத்தியவன். 2025 நவம்பரில் அதற்கான மசோதா கீழவையில் 427-1 என்று நிறைவேறியது, அதை ஓட்டெடுப்புக்கு இழுத்து வந்தது மாஸியும் கன்னாவும் சேர்த்த கையெழுத்துகள். மாதக்கணக்கில் தடுத்த டிரம்ப் கடைசி நேரத்தில் மாறி, கையெழுத்தும் போட்டார். மருமகனிடம் கேட்டால், அதுவேறு இதுவேறு என்கிறான். மாஸிக்கு எதிராக எட் கேல்ரைன் என்ற முன்னாள் கடற்படை அதிரடி வீரரை டிரம்ப் நிறுத்தியிருக்கிறார், 2026 மே 19 உட்கட்சித் தேர்தல். மாமனார் வாசலில் இப்போது மாஸி பலகை மட்டும். டிரம்ப் பலகை எங்கே என்றேன். கராஜில் இருக்கிறது, தூக்கிப் போடவில்லை என்றார் கொஞ்சம் கோபமாக.

பியோரியா, இல்லினாயிலிருந்து:

எங்கள் பக்கம் சண்டை கொள்கைக்காக இல்லை, சோயாவுக்காக. என் பெண்ணும் ஒரு விவசாயியின் பெண்ணும் ஒரே வகுப்பு, அதனால் அந்தக் குடும்பத்தோடு பழக்கம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து சோளமும் சோயாவும் போடுகிறார்கள், தம்பி தனியாகக் கொஞ்சம் மாடும் வைத்திருக்கிறான். மூன்று முறையும் டிரம்புக்குத்தான் போட்டார்கள்.

டாரிஃப் (இறக்குமதி வரி) சண்டையில் சீனா 2025 மே மாதத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் அமெரிக்க சோயா வாங்கவே இல்லை. அறுவடை முடிந்து சைலோ நிறையும் நேரத்தில் வாங்க ஆள் இல்லை. அண்ணன், '2018லும் இப்படித்தான் பயந்தோம், அரசாங்கம் செக் அனுப்பியது, பொறு' என்கிறார். தம்பிக்கு அந்தச் செக்தான் அவமானம். சந்தையைப் பிடுங்கிக்கொண்டு பிச்சை போடுகிறார்கள், இதைத்தானே நாம் சோஷலிசம் என்று திட்டினோம் என்பான். செப்டம்பரில் அர்ஜென்டினா தன் ஏற்றுமதி வரியைச் சில நாள் நீக்கியது, சீனாக்காரன் அங்கே போய் கப்பல் கப்பலாக வாங்கினான், அதே நேரத்தில் அந்த அர்ஜென்டினாவுக்கு வாஷிங்டன் 2,000 கோடி டாலர் கைகொடுக்கிறது. இது போதாதென்று அக்டோபரில், மாட்டிறைச்சி விலையைக் குறைக்க அர்ஜென்டினாவிலிருந்து வாங்கலாம் என்று டிரம்பே சொல்லிவிட்டார். அன்றைக்குத் தம்பி தன் பிக்கப் வண்டியின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாதி வந்தது, பாதி வரவில்லை. அப்படியே விட்டுவிட்டான்.

டிசம்பரில் 1,200 கோடி டாலர் விவசாயி உதவி அறிவித்தார்கள். விண்ணப்பிக்கப் போகிறீர்களா என்று தம்பியிடம் கேட்டேன், 'விதைக்கடன் யார் கட்டுவது?' என்றான். தேங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டு குடும்பமும் தனித்தனியாகச் சமைத்தார்கள், அது டாரிஃபாலா பெண்டாட்டிகள் தகராறாலா என்று எனக்குத் தெரியாது.

டாலஸ் பக்கம், ஃப்ரிஸ்கோவிலிருந்து:

அண்ணா, எங்கள் கதையில் நாங்களே பாத்திரம், வேடிக்கை பார்க்கிற வசதி இல்லை.

2024 கிறிஸ்துமஸ் வாரம் நினைவிருக்கும். சென்னையில் பிறந்து வளர்ந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை ஏஐ ஆலோசகராக டிரம்ப் அறிவித்ததும் டிரம்பின் தீவிர ஆதரவாளர் லாரா லூமர் ஆரம்பித்து வைத்தார், வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்-1பி வேலை விசா வேண்டும் என்று எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் ஒரு பக்கம், வேண்டவே வேண்டாம் என்று டிரம்பின் பழைய ஆலோசகர் ஸ்டீவ் பேனன் கூட்டம் மறுபக்கம். அந்தச் சண்டை எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே நடந்தது. ஒரு வீட்டுக்காரர் சின்ன மென்பொருள் கம்பெனி நடத்துகிறார், ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவார். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா, கணவர் டெஸ்டிங் வேலையில் இருந்து நீக்கப்பட்டவர், போகும்முன் வேறு நாட்டிலிருந்து வந்த ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். கம்பெனி பெயர் வேண்டாம். இருவரும் டிரம்ப் கட்சிதான், அந்த வாரத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை.

அந்த அம்மா என்னிடம் நன்றாகத்தான் பழகுவாள். உன்னைச் சொல்லவில்லை, நீ வேறு என்பாள். அந்த 'நீ வேறு' கேட்கும்போதெல்லாம் வயிற்றில் என்னவோ செய்யும்.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. புது எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம், ஞாயிறு முதல் அமல் என்று அறிவிப்பு வந்தபோது என் கணவர் மாமாவின் சதாபிஷேகத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். ஏற்கெனவே விசா இருப்பவர்களுக்கும் உண்டா என்று அந்த ராத்திரி யாருக்கும் தெளிவில்லை. உடனே திரும்பி வரச் சொல்லி ஆபீஸ் வக்கீல் மெயில் அனுப்பிவிட்டார். ஹோமம் முடியாமல் பாதியில் கிளம்பி, சென்னைக்குக் கார் பிடித்து, மூன்று மடங்கு விலையில் டிக்கெட். மறுநாள் வெள்ளை மாளிகை, புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் கொடுத்தபோது அவர் நடுவானில் இருந்தார். விமான நிலையத்துக்குப் போய் அவரைக் கூட்டிவந்தது யார் என்கிறீர்கள்? அதே அம்மா. குழந்தையைத் தூங்கவை, நான் போகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியில் அவரிடம், இந்தக் கட்டணம் நல்ல விஷயம்தான் என்றும் சொன்னாளாம்!

நவம்பரில் ஃபாக்ஸ் பேட்டியில் லாரா இங்க்ரஹாம் கேட்டதற்கு, சில திறமைகள் இங்கே இல்லை, வெளியிலிருந்து ஆள் தேவைதான் என்ற அர்த்தத்தில் டிரம்ப் பதில் சொன்னார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த அம்மா டிரம்பைத் திட்டி நான் கேட்டேன். அதுவும் எங்களுக்காகப் பேசியதற்கு. எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை, காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

வர்ஜீனியாவிலிருந்து:

வாஷிங்டனுக்கு அரை மணி தூரம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 78 வயது, ரீகன் காலத்தில் அரசுத் துறை ஒன்றில் வேலை பார்த்தவர். கட்சியை அவர் முக்காலி என்பார். சுதந்திர வணிகம் ஒரு கால், வலுவான ராணுவம் ஒரு கால், குடும்பமும் தேவாலயமும் மூன்றாவது கால். இப்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறார்கள் என்று முணுமுணுப்பார்.

அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் மேட்ச் பார்க்கக் கூப்பிட்டார், பேரனும் இருந்தான், 23 வயது. நடுவில் அந்தக் கனடா விளம்பரம் வந்தது, ஒன்டாரியோ அரசு போட்டது. டாரிஃபுக்கு எதிராக 1987இல் ரீகன் வானொலியில் பேசிய பேச்சை வெட்டி ஒட்டியது. அதற்காகத்தான் கனடாவோடு வர்த்தகப் பேச்சையே டிரம்ப் நிறுத்தினார். பெரியவர் அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரன், 'அந்தச் சுதந்திர வணிகம்தான் தாத்தா பென்சில்வேனியாவில் அம்மாவின் ஊரைக் காலி பண்ணியது' என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, பெரியவருக்கும் அது தெரியும்.

ஆனால் அதற்கடுத்த வாரம் நடந்தது வேறு மாதிரி. யூதர்களை வெளிப்படையாக வெறுக்கும் நிக் ஃபுவெண்டசை முன்னாள் ஃபாக்ஸ் டிவிக்காரர் டக்கர் கார்ல்சன் பேட்டி எடுக்க, வலதுசாரி ஆய்வு அமைப்பான ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனின் தலைவர் கெவின் ராபர்ட்ஸ் கார்ல்சனுக்கு ஆதரவாக வீடியோ போட்டார். அங்கே அறங்காவலராக இருந்த பிரின்ஸ்டன் பேராசிரியர் ராபர்ட் ஜார்ஜ் விலகினார், டிசம்பரில் ஊழியர்கள் கூட்டமாக முன்னாள் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் நடத்தும் அமைப்புக்குப் போனார்கள். பெரியவர் வருஷா வருஷம் அங்கே நன்கொடை கொடுத்தவர், இனி கடிதம் அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டார். பேரனிடம், அந்த ஃபுவெண்டசையா நீ கேட்கிறாய் என்று விசாரித்திருக்கிறார். சும்மா ஜோக்குக்குத்தான், எங்கள் வயசில் எல்லோரும் கேட்கிறார்கள் என்றானாம். என்னிடம் இதைச் சொன்னபோது அவர் டாரிஃப் பற்றிப் பேசுகிற குரலில் பேசவில்லை. கென்டக்கித் தம்பி சொன்ன மாமனார் மருமகன் சண்டை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன், இது தீருமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கொலம்பஸ், ஒஹையோவிலிருந்து:

எல்லோரும் பிளவு பிளவு என்கிறீர்கள், எனக்கென்னவோ யாரும் ஓட்டை மாற்றுவதாகத் தெரியவில்லை. எங்கள் கவர்னர் தேர்தலில் விவேக் ராமசாமி நிற்கிறார், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் என்று நம் ஆட்களுக்குப் பெருமை. என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர், ஞாயிறு தவறாமல் சர்ச். ஒரு இந்துவுக்கு எப்படிப் போடுவது என்று மனசு கேட்கவில்லை என்றார். சரி, அப்போது யாருக்குப் போடுவீர்கள்? 'டிரம்ப் அவரை ஆதரித்துவிட்டாரே' என்று பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான் பிளவு.

வடக்கு கென்டக்கியிலிருந்து:

கொலம்பஸ்காரரே, அந்தப் பெருமூச்சைத்தான் நான் எழுதச் சொன்னேன்.

ஜார்ஜியாவிலிருந்து ஒருவர்கூட எழுதவில்லையே? டிரம்ப் துரோகி என்று சொன்ன பிறகு அங்கத்து எம்.பி. மார்ஜரி டெய்லர் கிரீன் ஜனவரி 5 முதல் ராஜினாமா என்று அறிவித்துவிட்டார். ரோம், டால்டன் பக்கம் யாராவது இருந்தால், அங்கே ஆட்கள் யார் பக்கம் என்று சொல்லுங்கள். எங்கள் ஊர் முடிவை மே மாதம் நான் வந்து எழுதுகிறேன், எதிர்வீட்டுப் பலகையின் நிலவரத்தோடு சேர்த்து.