புதுப்பிப்பு: கடலோர வீட்டுக்குக் கராஜ் கதவு, முடிவு செய்துவிட்டேன்

கராஜின் இரும்புக் கதவு அடிப்பக்கம் துருப்பிடித்துவிட்டது, அடுத்தது எஃகா அலுமினியமா என்று முன்பு கேட்டிருந்தேன். அலுமினியத்தையே எடுத்துவிட்டேன். ஆனால் பழைய கதவைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, உப்புக்காற்று கதவுப் பலகையைவிட மோசமாகத் தின்றிருந்தது கதவைத் தூக்க உதவும் ஸ்பிரிங்கையும் கீல்களையும் கம்பிவடத்தையும்தான். அதனால் புதுக் கதவில் கண்ணாடி ஜன்னலுக்கு ஒதுக்கிய பணத்தைத் துத்தநாகம் பூசிய ஸ்பிரிங்குக்கும் 316 ரக (உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும்) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளுக்கும் மாற்றினேன். இந்தத் திருகு உப்பு ஈரத்தில் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும்; நடுவே நைலான் வாஷர் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம், விலை கேட்கும்போது புயல்காற்றைத் தாங்கும் திறனையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய கதவை அகற்றும் கூலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, பட்ஜெட் கொஞ்சம் மீறியது. ஸ்பிரிங் வேலையை மட்டும் தயவுசெய்து நீங்களே செய்யாதீர்கள், அதன் இழுவிசை ஆபத்தானது.