ஐ3-8100ஆ, ரைசன் 2200ஜியா? பையனுக்குப் பழைய பெட்டி ஒன்று வேண்டும்

செங்காங்_அப்பா:
வணக்கம். மகன் இந்த ஆண்டு தொடக்கநிலை 5. என் ஆபீஸ் மடிக்கணினியை அவனும் நானும் மாறி மாறிப் பிடுங்கிக்கொள்கிறோம். உயர்நிலை 1 போனால் பள்ளி வழியாக அவனுக்கென்று ஒரு கருவி வந்துவிடும். அதுவரை ஓட்ட ஒரு மேசைக் கணினி போதும். பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று, ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட சின்னப் பெட்டி. இன்டெல் கோர் ஐ3-8100, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. விலை 120 வெள்ளி. இன்னொன்று, பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் தானே அசெம்பிள் செய்தது. ஏஎம்டி ரைசன் 3 2200ஜி, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. விலை 130 வெள்ளி. இரண்டிலும் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

வேலை என்று பார்த்தால் மாணவர் கற்றல் தளம், ஸூம், யூடியூப், பவர்பாயின்ட். பையனின் ஒரே கோரிக்கை மைன்கிராஃப்ட். ராத்திரி என் அம்மா சீரியல் பார்ப்பார். எதை எடுக்கலாம்?

ரோச்சோர்_ராஜா:
யோசிக்கவே வேண்டாம், 2200ஜி. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐ3-8100 வந்தது 2017 அக்டோபரில், அப்போது 117 அமெரிக்க டாலர். 2200ஜி 2018 பிப்ரவரியில், 99 டாலர். இரண்டிலும் 4 கோர், 4 திரெட், 65 வாட். ஐ3 எப்போதும் 3.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ கிடையாது. 2200ஜி 3.5இலிருந்து 3.7 வரை ஏறும். சாதாரண வேலையில் எது எந்தச் சிப் என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

கிராபிக்ஸில்தான் கதை மாறுகிறது. ஐ3க்குள் இருப்பது யுஎச்டி 630. படம் காட்டும், அவ்வளவுதான். 2200ஜியில் வேகா 8. இரண்டு ஸ்டிக் ராம் போட்டால் கேமில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். பையன் மைன்கிராஃப்ட் கேட்கிறான், அப்பா கணக்குப்பிள்ளை பெட்டியை வாங்கிக் கொடுத்தால் எப்படி?

அப்புறம் போர்டு. பி450இல் பயாஸை, அதாவது போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, புதுசாக ஏற்றிவிட்டால் நாளைக்கே ரைசன் 5 5600ஜி மாட்டலாம், 6 கோர், 12 திரெட். இன்டெல் பெட்டி 9ஆம் தலைமுறையோடு நின்றுவிடும்.

பழைய_பெட்டி:
ஒரு கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் ஆபீஸ் பெட்டிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

ராஜா அண்ணே, விண்டோஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 எந்தெந்தச் சிப்பை ஏற்கும் என்று மைக்ரோசாஃப்ட் போட்ட பட்டியலில் ஐ3-8100 இருக்கிறது, 2200ஜி இல்லை. அந்த மாணவர் இன்னும் 10ஐயே வைத்திருப்பது சோம்பலால் என்றா நினைக்கிறீர்கள்?

ரோச்சோர்_ராஜா:
ரைசன் 2000 வரிசையிலிருந்து ஆதரவு உண்டு தம்பி. 2200 அதில்தானே வருகிறது? மைக்ரோசாஃப்ட் பட்டியலை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய_பெட்டி:
பட்டியலில் 2600 இருக்கும், 2700 இருக்கும். அவை ஏஎம்டியின் ஸென்+ வடிவமைப்பு, 12 நானோமீட்டர். 2200ஜியும் 2400ஜியும் பெயரில்தான் 2000. உள்ளே இருப்பது முதல் ஸென், 14 நானோமீட்டர், அதாவது 1200, 1600 இவற்றின் கூடப்பிறந்தது. அண்ணன் சீருடையை மாட்டிக்கொண்டு உயர்நிலைப் பள்ளி வாசலில் நிற்கிற தொடக்கநிலைப் பையன் மாதிரி. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ஜி வரிசையில் 3200ஜியிலிருந்துதான் உள்ளே விடுகிறார்கள்.

ரோச்சோர்_ராஜா:
சரி, இப்போது மறுபடியும் போய்ப் பார்த்தேன். 2200ஜி இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். இப்படிப் பெயர் வைத்தவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

ஆனால் பட்டியலில் இல்லை என்றால் ஓடாது என்று அர்த்தம் இல்லை. நிறுவும்போது அந்தச் சோதனையைத் தாண்டிப் போக வழி இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதிகூட பயாஸில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும், எழுப்பிவிட்டால் போதும்.

அப்புறம், பாதுகாப்பு என்று நீங்கள் ஆரம்பித்ததால் கேட்கிறேன். 2018 ஜனவரியில் வெளியே வந்த மெல்ட்டவுன் ஓட்டை உங்கள் ஐ3-8100இல் உண்டா இல்லையா? ஏஎம்டியில் அது கிடையாது. அதை அடைக்கப் போட்ட பேட்ச் வேகத்தையும் கொஞ்சம் தின்றது. இதை மட்டும் யாரும் பட்டியல் போட மாட்டார்கள்.

பழைய_பெட்டி:
உண்டு. அடைத்தும் ஆகிவிட்டது. தொடக்கநிலை 5 பையனின் பவர்பாயின்ட்டில் அந்த வேக இழப்பைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள், நான் கோப்பி வாங்கித் தருகிறேன். நீங்கள் எழுப்பிவிடச் சொல்லும் எஃப்டிபிஎம்மால் ரைசன் பெட்டிகள் நடுநடுவே திக்கியதை ஏஎம்டியே 2022இல் ஒத்துக்கொண்டு பயாஸ் வழியாகச் சரிசெய்தது. எழுப்பும் முன் பயாஸைப் புதுப்பியுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஈசூன்_அக்கா:
என் வீட்டில் ஓடுவதே 2200ஜி. 2019இல் சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. அதனால் ராஜா தம்பி சொல்வதில் எது உண்மை, எது பாதி உண்மை என்று எனக்குத் தெரியும்.

விண்டோஸ் 11 ஓடுகிறது, பொய் இல்லை. மாதாமாதம் வரும் பாதுகாப்புப் புதுப்பிப்பும் இதுவரை வந்துகொண்டிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மட்டும் தானாக எட்டிப் பார்க்காது. யூஎஸ்பி தயார் செய்து, மறுபடியும் அதே வித்தையைக் காட்ட வேண்டும், ஒரு சனிக்கிழமை மதியம் அதிலேயே போய்விடும். மைக்ரோசாஃப்ட்டும் இந்த மாதிரிப் பெட்டிகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்று உத்தரவாதம் தருவதில்லை.

ராம் இதைவிடப் பெரிய விஷயம். வேகா 8க்கு என்று தனி நினைவகம் கிடையாது, மெயின் ராமில்தான் கை வைக்கும். என் போர்டு அதற்கு 2 ஜிபி எடுத்து ஒதுக்கிவிட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 8 ஜிபிக்குப் பதில் 5.9 என்று காட்டியது. ஸூம் ஒரு பக்கம், குரோமில் பத்து டேப் ஒரு பக்கம் என்றால் பெட்டிக்கு மூச்சு வாங்கும். பயாஸில் அதை 512 எம்பி ஆக்கினேன், தேவலை. இரண்டாவது 8 ஜிபி போட்ட பிறகுதான் அது ராஜா தம்பி சொல்கிற 2200ஜியாக நடந்துகொண்டது. ஒரே ஸ்டிக் என்றால் ராமுக்கும் சிப்புக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைதான், வேகா பட்டினி கிடக்கும். ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரம் இது. அந்தப் பெட்டி 130 வெள்ளி என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

கோப்பி_ஓ_கோசோங்:
பாட்டியை யாருமே கண்டுகொள்ளவில்லையே. சீரியலில் மாமியார் வாயைத் திறக்கும்போது படம் சுற்றிக்கொண்டு நின்றால், அந்த வீட்டில் வரும் சண்டைக்கு முன் இதெல்லாம் ஒன்றுமில்லை. கரண்டு பில்லையும் யாராவது சொல்லுங்கள்.

பழைய_பெட்டி:
பாட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். விபி9, எச்.265 என்ற வீடியோ வடிவங்கள் இரண்டையும் இந்த இரண்டு சிப்பும் ஹார்டுவேரிலேயே பிரித்துக் காட்டிவிடும். யூடியூப் அனுப்பும் ஏவி1 வீடியோவுக்கு இரண்டிலும் அந்த வசதி இல்லை, கோர்கள்தான் உழைக்க வேண்டும். 1080பி வரை 4 கோருக்கு அது பெரிய சுமை இல்லை.

கரண்டு: சும்மா இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே 10 வாட் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினம் 6 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 1.8 யூனிட். யூனிட் 30 காசு என்று போட்டால் 54 காசு. கோப்பிக் கடையில் அதற்கு மூடிகூடத் தர மாட்டார்கள்.

செங்காங் அண்ணே, பெட்டி சின்னது என்கிறீர்கள். நேரில் போகும்போது 8100ஆ, 8100டியா என்று பாருங்கள். டி என்றால் 35 வாட், 3.1 கிகாஹெர்ட்ஸ். விற்கிறவர்கள் அந்த ஒரு எழுத்தை ரொம்ப வசதியாக மறந்துவிடுவார்கள். புத்தகம் அளவு பெட்டி என்றால் சந்தேகப்படுங்கள். அதில் ராமும் லேப்டாப் ராமாகத்தான் இருக்கும்.

ரோச்சோர்_ராஜா:
ஆபீஸ் பெட்டியின் லட்சணத்தையும் சொல்லிவிடுங்கள் தம்பி. பவர் சப்ளை அந்தக் கம்பெனிக்கென்றே செய்த உருவம். நாளைக்கு அது போனால் கடையில் கிடைக்கும் சாதாரணமானது உள்ளே நுழையாது. கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்றால் குட்டை கார்டு மட்டும்தான் பொருந்தும். என் வழி வேறு: 2200ஜியை எடுத்துவிட்டு 3200ஜி மாட்டுங்கள். அதே போர்டு, அதே கூலர், விண்டோஸ் 11 பட்டியல் பிரச்சினையும் தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

பழைய_பெட்டி:
பவர் சப்ளை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மாடு வாங்கும் முன்பே கன்றுக்குக் கயிறு வாங்கச் சொல்கிறீர்கள். 130 வெள்ளிக்கு ஒரு பெட்டி, அதற்கு ராம், அதற்கு 3200ஜி. கூட்டிப் பாருங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வாங்கியவர்களில் எத்தனை பேர் மாற்றினார்கள்?

ஈசூன்_அக்கா:
பத்து நிமிட வேலையாம்! போன வருடம் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை மாற்றலாம் என்று கூலரின் நாலு ஸ்குரூவையும் கழற்றி நேராகத் தூக்கினேன். கூலரோடு சிப்பும் வந்துவிட்டது. சாக்கெட்டின் லீவர் பூட்டியபடியே இருக்கிறது, சிப் என் கையில் தலைகீழாகத் தொங்குகிறது. இந்த ஏஎம்4 சாக்கெட் சிப்பின் அடியில் 1331 கால், ஒவ்வொன்றும் தங்க ஊசி மாதிரி. ஓரத்து வரிசையில் மூன்று படுத்துவிட்டன. மகளின் மெக்கானிக்கல் பென்சிலிலிருந்து லீடை உருவிவிட்டு, அந்த முனைக்குள் காலை நுழைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஏர்கான் இல்லாத அறை. வியர்வை சிப்பில் சொட்டிவிடுமோ என்று கழுத்தில் துண்டு வேறு. கழற்றும் முன் கொஞ்ச நேரம் கேம் ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்கி, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகிவிட்டுத் தூக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

இன்டெலில் சிப்பை மேலே ஒரு இரும்புச் சட்டம் பிடித்துக்கொண்டிருக்கும், கூலரோடு கிளம்பி வராது. கால்கள் போர்டில் இருக்கும். அது வளைந்தால் அது இன்னொரு நரகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரோச்சோர்_ராஜா:
நான் ஏழெட்டுப் பெட்டி கழற்றியிருக்கிறேன் அக்கா, ஒருமுறைகூட வந்ததில்லை.

ஈசூன்_அக்கா:
வரும் தம்பி, வரும்.

செங்காங்_அப்பா:
நேற்று இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். மாணவர் வீடு பிடோக்கில். உள்ளே கூப்பிட்டு, மானிட்டரில் போட்டுக் காட்டினார், அவர் அம்மா மைலோ கொடுத்தார். பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றினால் வயர் எல்லாம் அழகாகக் கட்டி வைத்திருக்கிறார். டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். 5.9 ஜிபி. அக்கா சொன்ன அதே எண்! பயாஸ் 2018லேயே நிற்கிறது, வாங்கிய நாளிலிருந்து தொடவில்லையாம். நான் கேட்ட கேள்விகளைப் பார்த்து, "அங்கிள் ஐடியில் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லாம் உங்கள் புண்ணியம்.

ஆபீஸ் பெட்டி ஊபி பக்கம் ஒரு சின்னக் கடையில். சிஸ்டம் விவரத்தில் 8100 என்றுதான் இருந்தது, டி இல்லை. சாதாரண டெஸ்க்டாப் ராம், ஒரு ஸ்லாட் காலி. திறந்தால் மூலையெல்லாம் தூசி, பழைய ஆபீஸ் கார்ப்பெட் வாசனை. பின்னால் டிஸ்பிளேபோர்ட் இரண்டு, விஜிஏ ஒன்று, எச்டிஎம்ஐ கிடையவே கிடையாது. என் மானிட்டரிலோ எச்டிஎம்ஐ மட்டும்தான். இதை நீங்கள் யாரும் சொல்லவில்லை! கடைக்காரர் ஒரு அடாப்டரை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

ஐ3ஐ எடுத்துவிட்டேன். ராஜா கோபித்துக்கொள்ள வேண்டாம், வருடா வருடம் ஒரு சனிக்கிழமை மதியம் என்னிடம் கிடையாது. மைன்கிராஃப்ட்டில் பார்வைத் தூரத்தை 8 சங்க் (கேம் உலகத்தின் கட்டம்) வைத்தால் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. பையன் 16 வைத்துப் பார்த்தான், முயல் நின்று நின்று குதித்தது. திட்டி மறுபடியும் 8க்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குப் பிரச்சினை கணினியில் இல்லை, நாற்காலி உயரம்தானாம்.

பழைய_பெட்டி:
நல்லது அண்ணே. ஒருநாள் மூடியைத் திறந்து, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதிவிடுங்கள். இரண்டாவது ஸ்டிக்கை அவசரப்பட்டு வாங்காதீர்கள், விலை இறங்கட்டும்.

ரோச்சோர்_ராஜா:
உங்கள் பணம், உங்கள் முடிவு. 16 சங்க் வேகாவில் ஓடியிருக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன், அதுவும் இரண்டு ஸ்டிக் போட்டால். சரி, அந்தப் பிடோக் பையனின் 2200ஜி விற்றுவிட்டதா? இல்லை என்றால் இணைப்பை அனுப்புங்கள். அந்த பி450 போர்டுக்காகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

செங்காங்_அப்பா:
இன்னும் இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன்.

கோப்பி_ஓ_கோசோங்:
ராஜா அண்ணே, 130 கொடுத்துவிடாதீர்கள். 8 ஜிபி என்று போட்டிருக்கிறாய், 5.9தானே காட்டுகிறது என்று கேளுங்கள்.