கிளவுட் ஷெல்லில் வைத்தது எல்லாம் விடியக் காணவில்லை, மெஷினையும் காணவில்லை. அவசர உதவி!

முத்தையன்கட்டு
வணக்கம். பிரவுசருக்குள் திறக்கிற டெர்மினலில் நேற்று இரவு ஒரு வேலையை ஓட விட்டுவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால், படத்தில் உள்ள எழுத்தை வாசித்துத் தருகிற டெசராக்ட் மென்பொருள் 'கமாண்ட் நொட் ஃபவுண்ட்' என்கிறது, நேற்றுத்தான் ஏபிடி போட்டு இன்ஸ்டால் பண்ணினேன். எடுத்து வைத்த எழுத்துக் கோப்புகளும் இல்லை. அதைவிடப் பெரிய பயம், கிளவுட்டில் நான் தனியாக எடுத்து வைத்திருந்த மெஷினைப் பட்டியல் போட்டால் 0 என்று வருகிறது. யாராவது கணக்குக்குள் புகுந்து அழித்துவிட்டார்களா? நான் படம் எடுத்து எழுத்தாக்குவது பழைய பாடசாலை மலர்கள், 600 பக்கத்துக்கு மேல். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

பாலைப்பழம்
எந்த கிளவுட் தம்பி? கூகிளா, அமேசனா, அஸூரா? மூன்றிலும் பிரவுசர் ஷெல் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு மாதிரி. கோப்புகளை எந்த ஃபோல்டரில் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மாங்குளம் சந்தி
ரீஜன், அதாவது கிளவுட் மெஷின்கள் இருக்கிற பகுதி, மாறியிருக்கும். அமேசன் கிளவுட் ஷெல்லில் ரீஜனுக்கு 1 ஜிபி என்று தனித்தனியாகத்தான் இடம் தருவார்கள். மும்பையில் திறந்து வைத்த கோப்பைச் சிங்கப்பூரில் தேடினால் கிடைக்காது, மெஷின் பட்டியலும் அப்படித்தான். மேலே வலப்பக்கத்தில் ரீஜனை மாற்றிப் பாருங்கள். எனக்கு இரண்டு தரம் நடந்தது, இரண்டு தரமும் நெஞ்சு பதறிவிட்டது.

பாலைப்பழம்
அவர் அமேசன் என்று சொல்லவே இல்லையே.

மாங்குளம் சந்தி
அறிகுறி அப்படியே பொருந்துகிறது. ரீஜனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கனகராயன் ஆறு
கேள்வி கேட்கிற முறை பற்றி நான் இங்கே எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். எந்த நிறுவனத்தின் ஷெல், என்ன கட்டளை, திரையில் வந்த வரி என்ன, இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் உதவ முடியாது. பிரவுசர் ஷெல் என்பது இரவல் கொம்பியூட்டர். உங்கள் வேலை முடிந்தது என்று அது நினைத்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, அதை வாசித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

முத்தையன்கட்டு
மன்னிக்க வேண்டும். கூகிள். போனில்தான் செய்கிறேன், லப்டொப் இல்லை. இரவு பதினொரு மணி போலக் கரண்ட் போனது, பிறகு ரவரிலும் சிக்னல் இல்லை. விடியத்தான் திரும்பத் திறந்தேன்.

பாலைப்பழம்
ஃபோல்டர்?

கரும்பனை
டிமக்ஸ் போட்டிருந்தால் இந்தக் கரைச்சலே வந்திராது. லைன் அறுந்தாலும் வேலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நம்முடைய சிக்னலுக்கு டிமக்ஸ் இல்லாமல் எதையும் தொடக்கூடாது.

வன்னித்தேன்
கரும்பனை அண்ணா, கூகிள் கிளவுட் ஷெல் ஏற்கனவே டிமக்ஸுக்குள்தான் திறக்கிறது. அது லைன் சற்று நேரம் அறுந்தால் காப்பாற்றும். ஆனால் ஆள் இல்லை என்று கண்டு அந்த மெஷினையே எடுத்துவிட்டால் டிமக்ஸும் சேர்ந்துதான் போகும்.

முத்தையன்கட்டு, முதலில் பயப்படாதீர்கள், யாரும் புகவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு நடந்தது மூன்று வேறு விஷயம், நீங்கள் ஒன்றாகப் பார்க்கிறீர்கள்.

கிளவுட் ஷெல்லில் உங்களுக்கென்று நிற்பது ஹோம் ஃபோல்டர் மட்டும், அது 5 ஜிபி. மற்றதெல்லாம் ஒவ்வொரு தரமும் புதிதாக வருகிற தற்காலிக மெஷின். ஏபிடி போட்டு ஏற்றியது ஹோமுக்கு வெளியே போய் உட்காரும், ஆகவே டெசராக்ட் போனது இயல்பு. ஒவ்வொரு முறையும் அது தானாக ஏற வேண்டும் என்றால் ஹோமில் ஒரு கோப்பு வையுங்கள். பெயர் புள்ளியில் தொடங்கி, கஸ்டமைஸ், அடிக்கோடு, என்விரான்மென்ட். அதற்குள் எழுதுகிற கட்டளைகள் மெஷின் எழும்பும்போது ரூட், அதாவது முழு நிர்வாக உரிமையோடு ஓடும்.

மெஷின் பட்டியல் 0 என்பதற்கு என் ஊகம்: புரொஜெக்ட், அதாவது கணக்குக்குள் மெஷின்களைப் பிரித்து வைக்கிற பிரிவு. ஷெல்லுக்குள் ஜிகிளவுட் கொன்ஃபிக் கட்டளையால் மாற்றுகிற புரொஜெக்ட் அந்த ஒரு பிரவுசர் ராப்புக்குத்தான். புதிதாகத் திறந்தால் அது நினைவில் இருக்காது. கட்டளை அடிக்கிற வரியில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் தெரிகிறதா? அது உங்கள் மெஷின் இருக்கிற புரொஜெக்ட்தானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உங்களிடம் எத்தனை புரொஜெக்ட் இருக்கிறது?

கோப்புகள் எங்கே இருந்தன என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கவலை.

மாங்குளம் சந்தி
கூகிள் என்றால் என் ரீஜன் கதை பொருந்தாது, சரி. ஆனாலும் ஸோனை, அதாவது ரீஜனுக்குள் உள்ள உட்பிரிவை, ஒருதரம் பார்த்துவிடுவது நல்லது.

முத்தையன்கட்டு
டிஎம்பி ஃபோல்டர். அங்கே வைத்தால் வேகம் என்று யாரோ சொன்னார்கள்.

வன்னித்தேன்
டிஎம்பி தற்காலிக ஃபோல்டர், அதில் வைத்தால் போனது போனதுதான் தம்பி, அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மூலப்படங்கள் போனில் இருக்கின்றனவா?

கனகராயன் ஆறு
எத்தனை பேர் இதே குழியில் விழுவதைப் பார்த்துவிட்டேன். கிளவுட் ஷெல் கையால் தட்டிச் செய்கிற நிர்வாக வேலைக்கு. ஒரு தரம் திறந்தால் அதிகம் 12 மணித்தியாலம், கிழமைக்கு 50 மணித்தியாலம், 120 நாள் திறக்காமல் விட்டால் ஹோமும் போகும். நூற்றுக்கணக்கான பக்கத்தை எழுத்தாக்குகிற வேலையை அதில் விடுவதே பிழை. ஒரு பழைய லப்டொப் வாங்கி லினக்ஸ் போடுங்கள். இந்த வேலைக்குக் கிளவுட்டே தேவையில்லை.

மல்லாவி ரீச்சர்
கனகராயன் ஐயா, நீங்கள் சொல்கிற கணக்கு சரி, கடைசி வரி சரியில்லை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வயலால் வந்த பிறகுதான் கையில் கிடைக்கும். அந்தப் போனில் பிரவுசரைத் திறந்து முதல் லினக்ஸ் கட்டளையை அடித்துப் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். போன் கீபோர்ட்டில் கொன்ட்ரோலும் இல்லை, ராப் விசையும் இல்லை, அவை உள்ள ஹக்கர்ஸ் கீபோர்டை ஏற்றி, திரையில் பாதியை அது மறைக்க, நாலு வரி மட்டும் தெரியத் தெரிய வேலை செய்கிறார்கள். அவர்களிடம் லப்டொப் வாங்கு என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

கனகராயன் ஆறு
பிள்ளைகள் படிப்பதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை ரீச்சர். படிக்கிற இடம் வேறு, ஆவணம் வைக்கிற இடம் வேறு. இவர் வைத்திருப்பது திரும்பக் கிடைக்காத கடதாசி. 2009இல் உறுதிப் பத்திரம், பிறப்புப் பத்திரம், கலியாணப் படம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்த சனம் நாங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சிய ஒன்றை ஒரே போனிலும் ஒரு தற்காலிக ஃபோல்டரிலும் வைத்திருக்கிறார் என்றால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

மல்லாவி ரீச்சர்
அந்தக் கோபம் எனக்கும் விளங்குகிறது. அதை அவருக்கு வழி சொல்லிக் காட்டுங்கள், அவர்தான் அதைத் தேடி எடுத்த ஆள்.

பாலைப்பழம்
முத்தையன்கட்டு, அது எந்தப் பக்கத்துப் பாடசாலை மலர்? என் அம்மா 1987இல் ஒட்டுசுட்டான் பக்கம் படித்தவ. அந்த ஆண்டு மலரில் அவவின் கவிதை வந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பா.

கனகராயன் ஆறு
சரி, வழி. கூகிளின் இலவச வரம்புக்குள் மாதம் முழுக்க ஒரு இ2-மைக்ரோ மெஷின் வைத்திருக்கலாம், ஒரிகன், அயோவா, தென் கரோலினா ஆகிய மூன்றில் ஒரு இடத்தில், 30 ஜிபி சாதாரண டிஸ்க்கோடு. உங்கள் மெஷின் அப்படி ஒன்றாக இருந்தால் கிளவுட் ஷெல்லில் இருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைத்தொடர்புக் கட்டளை போட்டு அதற்குள் போங்கள். டெசராக்டையும் தமிழ்ப் பொதியையும் அங்கே ஏற்றுங்கள். கரும்பனை சொன்ன டிமக்ஸை அங்கே திறந்து வேலையை விடுங்கள். பிறகு கரண்ட் போகட்டும், ரவர் விழட்டும், ஷெல் மூடட்டும், வேலை நடந்துகொண்டிருக்கும். நினைவகம் 1 ஜிபிதான், ஆகவே ஒவ்வொரு பக்கமாக விடுங்கள், நினைவகம் போதாதபோது டிஸ்க்கைப் பாவிக்கிற ஸ்வாப்பும் ஒன்று போட்டுவிடுங்கள். முடிய முடிய எழுத்துக் கோப்பை ஒரு பக்கெட்டுக்கு, அதாவது கூகிளின் கோப்புக் களஞ்சியத்துக்கு, நகல் எடுங்கள். படங்களை ஒரு பென்டிரைவிலும் வேறு ஒருவர் வீட்டிலும் வையுங்கள்.

கரும்பனை
டிமக்ஸ் வேண்டும் என்று நானும் அதைத்தான் சொன்னேன்.

வன்னித்தேன்
இன்னொன்று. மலர் எப்படிப்பட்ட தாளில் இருக்கிறது? பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சடித்தவை சில கோடு போட்ட கொப்பித் தாளில் இருக்கும். அந்தக் கோட்டை டெசராக்ட் எழுத்தாக எடுத்துக்கொண்டு குழம்பும். முதலில் படங்களைத் திருத்துகிற இமேஜ்மஜிக் மென்பொருளால் கோட்டை மங்க வைத்துவிட்டுப் பத்துப் பக்கத்தைப் பரீட்சித்துப் பாருங்கள், 600ஐயும் ஒரேயடியாக விட வேண்டாம். வேலை முடிந்ததும் நூலகம் தளத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2005இல் இருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கிறார்கள், உங்கள் போன் உடைந்தாலும் அங்கே இருக்கும்.

மாங்குளம் சந்தி
ஸோன் பார்த்தீர்களா?

பாலைப்பழம்
ஆளையே காணவில்லை. இரண்டு நாள் ஆகிறது.

முத்தையன்கட்டு
மன்னிக்கவும், டேட்டா முடிந்துவிட்டது. புரொஜெக்ட்தான் பிழை, பழைய பரீட்சார்த்தப் புரொஜெக்டில் நின்றிருக்கிறேன், மாற்றியதும் மெஷின் வந்துவிட்டது. படங்கள் எல்லாம் போனில் இருக்கின்றன. 212 பக்கம் திரும்ப எடுக்க வேண்டும், இப்போது மெஷினுக்குள் டிமக்ஸில் ஓடுகிறது. மலர்களை வைத்திருந்த ஐயாவின் மகன் லப்டொப்பில் ஒரு பிரதி எடுத்துவிட்டார். வன்னித்தேன், கனகராயன் ஐயா, எல்லாருக்கும் நன்றி.

பாலைப்பழம் அக்கா, 1987 மலர் இருக்கிறது. பொலித்தீன் பையின் சூட்டில் அட்டையும் முதல் நாலு தாளும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, அதை இன்னும் பிரிக்கவில்லை. மாணவர் ஆக்கங்கள் 19ஆம் பக்கத்தில் தொடங்குகின்றன. அம்மாவின் பெயரை எனக்குத் தனியே அனுப்புங்கள்.