மீட்டர் 12 வோல்ட் காட்டுது, மோட்டார் ஓடலை! உதவி தேவை

கத்துக்குட்டி:
அவசரம். 12 வோல்ட் டிசி மோட்டாருக்கு 12 வோல்ட் பேட்டரிதான் கொடுத்திருக்கிறேன். மீட்டரில் 12.4 காட்டுகிறது. மோட்டார் ஒரு துடிப்பு துடித்துவிட்டு நின்றுவிடுகிறது. வோல்டேஜ் இருக்கும்போது கரண்ட் எங்கே போகும்?

செம்புக்கம்பி:
என்ன பேட்டரி? மோட்டாரில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது? மோட்டாரை இணைத்தபடி அளந்தீர்களா, கழற்றிவிட்டா?

ஈயப்பற்று:
சாலிடர் சரியாகப் பிடித்திருக்காது. வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

கத்துக்குட்டி:
சாலிடரே இல்லை, முறுக்கி டேப் சுற்றினேன். மோட்டார் 1 ஆம்பியர். பேட்டரியில் 23ஏ என்று இருக்கிறது, 23 ஆம்பியர் தாராளம்தானே? கழற்றிவிட்டுத்தான் அளந்தேன்.

ஓம்தாசன்:
வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள தொடர்பை இயற்பியலாளர் ஓம் 1827-லேயே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார், இன்னும் இதே கேள்வி. ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் என்றால் வோல்ட். நொடிக்கு ஒரு கூலும் ஓடினால் ஆம்பியர். படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

செம்புக்கம்பி:
படித்தவருக்கும் அந்த 23ஏ கண்ணில் படவில்லையே சார்! அது ஆம்பியரே இல்லை, பேட்டரி அளவின் பெயர். கார் ரிமோட்டில் போடும் சின்ன உருளைதானே? மூன்று செ.மீ. நீளம்கூட இராது. உள்ளே 1.5 வோல்ட் பொத்தான் செல்கள் எட்டு வரிசையாக இருக்கும், அதனால் 12 வோல்ட் வந்துவிடுகிறது. ஆனால் கொள்ளளவு சுமார் 50 மில்லி ஆம்பியர்-மணிதான், உள் மின்தடையும் அதிகம். மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்டேஜில் பெரும்பகுதி பேட்டரிக்குள்ளேயே விழுந்துவிடும். மீட்டர் கிட்டத்தட்ட ஒன்றும் இழுக்காது, அதனால்தான் அதற்கு மட்டும் 12.4. இணைத்தபடியே அளந்து பாருங்கள். மீட்டர் வோல்ட்டிலேயே இருக்கட்டும், ஆம்பியருக்குத் திருப்பி பேட்டரியின் குறுக்கே வைத்தால் ஷார்ட்.

நீர்த்தொட்டி:
எளிதாகச் சொன்னால், தொட்டியின் உயரம் வோல்டேஜ், குழாயில் ஓடும் தண்ணீர் கரண்ட். இவருடைய தொட்டி உயரத்தில்தான் இருக்கிறது, குழாய்தான் ஊசி முனை.

ஓம்தாசன்:
தண்ணீர் உவமை குழந்தைகளுக்கு. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் கரண்ட் கொட்டுமா?

நீர்த்தொட்டி:
உவமைக்கு அவ்வளவுதான் சார் எல்லை. எப்படியோ, ஆளைக் கொல்வது ஆம்பியர்தான், வோல்ட் இல்லை.

செம்புக்கம்பி:
அதுவும் பாதிதான். கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். உலர்ந்த கையால் இரு முனையையும் தொட்டால் ஒன்றும் தெரியாது, 12 வோல்ட்டால் தோலின் தடையைத் தாண்டி அவ்வளவு கரண்டைத் தள்ள முடியாது. உடம்பில் ஓடுவது கரண்டுதான், ஓட்டிவிடுவது வோல்டேஜ்.

கத்துக்குட்டி:
இணைத்து அளந்தேன், 1.9! பழைய யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. 7 என்றால் 1 ஆம்பியர் மோட்டார் எரிந்துவிடாதா?

செம்புக்கம்பி:
எரியாது. வோல்டேஜ் சரியாக இருந்தால் மோட்டார் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். 7 என்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு. மோட்டார் எங்காவது சிக்கி நின்றால் மட்டும் கரண்ட் எகிறும், அதனால் நடுவில் ஒரு ஃபியூஸ் போடுங்கள்.

கத்துக்குட்டி:
ஓடுது. நன்றி.

ஈயப்பற்று:
அந்த டேப்பைப் பிரித்துவிட்டு சாலிடர் வையுங்கள்.